மேடைக்கு ஏழு நாள்: தண்ணீரைத் தள்ளிவைக்காதே, தம்பி

ஆணழகன் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கும் இளைஞரை ஊரில் அடையாளம் காண்பது எளிது. போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கன்னம் ஒட்டிவிடும். பேச்சு குறைந்துவிடும். வீட்டில் குழம்பு கொதித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். செங்கோட்டை சாலையில் பரோட்டாக் கடையைக் கடக்கும்போது பைக்கை விரட்டுவார். கேட்டால், ஞாயிற்றுக்கிழமை மேடை என்பார். இதெல்லாம் அந்த விளையாட்டோடு சேர்ந்ததுதான். கவலைப்பட வேண்டியது வேறொன்று. கடைசி இரண்டு மூன்று நாளில் அவர் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடுவார்.

தென்காசி மாவட்டத்துக்கு இந்தப் போட்டி புதிதல்ல. குற்றாலத்தில் சீசன் களைகட்டும் நாட்களில் நடக்கும் சாரல் திருவிழாவில், கொழு கொழு குழந்தைகள் போட்டி, கோலப் போட்டி வரிசையில் ஆணழகன் போட்டியும் இடம்பெற்று வந்திருக்கிறது. வெளியே அருவி கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே மேடை ஏறுகிறவர்களில் யார் யார் நேற்றிலிருந்து நாக்கை நனைக்கவில்லை என்பது கைதட்டுகிறவர்களுக்குத் தெரியாது.

காலனித் தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகளை இந்த மேடை ஏன் ஈர்க்கிறது என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. கிரிக்கெட் ஆட பதினொரு பேர் வேண்டும், மைதானம் வேண்டும். பல கிராமங்களில் அந்த மைதானம் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். உடற்பயிற்சிக்கு ஒரு உடம்பு போதும். பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி இரும்புக் குழாயில் கோத்தால் எடை தயார். தண்டாலுக்கும் பஸ்கிக்கும் அதுகூட வேண்டாம். நாற்று மூட்டை தூக்கியும், செங்கல் சூளையில் கல் அடுக்கியும், கட்டட வேலையில் கலவைச் சட்டி சுமந்தும் ஏற்கெனவே இறுகிய உடம்பு அது. மேடையில் நிற்கும்போது நடுவர் பார்ப்பது தோளையும் தொடையையும் மட்டும்தான். சாதிச் சான்றிதழைக் கேட்பதில்லை. அந்தச் சில நிமிடங்களுக்காக எதையும் பணயம் வைக்கலாம் என்று இருபது வயதில் தோன்றும். அந்த எண்ணத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

அந்த ஏழு நாளில் நடப்பது என்ன?

மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த தசை, மேடை வெளிச்சத்தில் கோடு கோடாகப் பிரிந்து தெரிய வேண்டும். தோலுக்கும் தசைக்கும் நடுவில் கொழுப்பு இருந்தால் அந்தக் கோடு விழாது. கொழுப்பு கரைய நாள் பிடிக்கும். வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் வரை குறைத்தால்தான் கொழுப்பு மட்டும் போய் தசை தங்கும். 70 கிலோ இருப்பவர் என்றால் வாரத்துக்கு 350 முதல் 700 கிராம். ஐந்தாறு கிலோ குறைய வேண்டுமென்றால் இரண்டு மூன்று மாதம் ஆகும். அதை முன்கூட்டியே முடிக்காதவர்கள்தான் கடைசி வாரத்தில் குறுக்கு வழி தேடுகிறார்கள்.

வழக்கமாகச் சொல்லித்தரப்படும் திட்டம் இது. முதல் மூன்று நான்கு நாள் சோறு, சப்பாத்தி, கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கடுமையாகப் பயிற்சி செய்து, தசையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தைக் காலிசெய்வது. அடுத்த இரண்டு நாள் சோறு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ரொட்டி என்று நிறையச் சாப்பிட்டுத் தசையை மறுபடி நிரப்புவது. உப்பை அறவே நீக்குவது. வாரத் தொடக்கத்தில் நாளுக்கு எட்டு, பத்து லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு படிப்படியாகக் குறைத்து, கடைசி நாள் முழுவதுமாக நிறுத்துவது. அதுவும் போதாதென்று சிறுநீர் பிரியும் மாத்திரை போடுவது. பிறகு உடம்பு முடியை மழித்து, கருநிறம் பூசி, எண்ணெய் தடவி, மேடைக்குப் பின்னால் ரப்பர் கயிறு இழுத்துத் தசையைப் புடைக்க வைப்பது. கூடவே ஒரு வாய் தேன், நாலு பேரீச்சம்பழம், ஒரு துண்டு வெல்லம்.

இந்தப் பட்டியலில் பயனுள்ளதும் உண்டு, பயனற்றதும் உண்டு, உயிரை எடுப்பதும் உண்டு. மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தசையும் தண்ணீர்தான்

தண்ணீரைக் குறைத்தால் தோலுக்கு அடியில் உள்ள நீர் மட்டும் வற்றி, தசை பளிச்சென்று தெரியும் என்பது ஜிம்களில் பரவியிருக்கும் நம்பிக்கை. உடம்பு அப்படி இயங்குவதில்லை. நம் தசையில் முக்கால் பங்கு தண்ணீர். சோற்றிலிருந்து கிடைக்கும் மாவுச்சத்து தசையில் ஒரு கிராம் சேரும்போது அதனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்தே தங்குகிறது. தசை உருண்டு திரண்டு தெரிவதற்குக் காரணமே அந்தத் தண்ணீர்தான். குடிப்பதை நிறுத்தினால் தோலடி நீரை மட்டும் எடு, தசை நீரை விடு என்று உடம்புக்கு யாரும் உத்தரவு போட முடியாது. எல்லா இடத்திலிருந்தும் நீர் வற்றும். முக்கியமாக ரத்தத்தின் அளவு குறையும். ரத்தம் குறைந்தால் நரம்பு புடைக்காது. ரப்பர் கயிறு இழுத்தாலும் தசை ஏறாது. போட்டிக்கு முந்தைய நாள் கண்ணாடியில் பிரமாதமாக இருந்தவர் மேடையில் வதங்கி நிற்பதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம்.

உப்பின் கதையும் இதுவே. சாப்பிட்ட மாவுச்சத்து குடலிலிருந்து ரத்தத்துக்குள் ஏறுவதற்கு உப்பில் உள்ள சோடியத்தின் துணை வேண்டும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்திருப்பது இதனால்தான். உப்பைத் திடீரென நிறுத்தினால் உடம்பு அபாயம் என்று எடுத்துக்கொண்டு, இருக்கும் உப்பையும் நீரையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் சுரப்பை அதிகமாக்கும். எதிர்பார்த்ததற்கு நேர்மாறான விளைவு.

சிறுநீர் மாத்திரை இன்னும் மோசம். இதய நோயாளிக்கும், கால் வீங்கிய சிறுநீரக நோயாளிக்கும் மருத்துவர் ரத்தப் பரிசோதனை பார்த்துக் கொடுக்கும் மருந்து அது. நீரோடு சேர்த்து பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவையும் அது கலைத்துவிடும். ஒரு வகை மாத்திரை பொட்டாசியத்தை வெளியேற்றும். இன்னொரு வகை உடம்பிலேயே தேக்கிவைக்கும். கூடினாலும் குறைந்தாலும் முதலில் தடுமாறுவது இதயத் துடிப்பு. எந்த மாத்திரை எதைச் செய்யும் என்று தெரியாமல், தசைப்பிடிப்புக்கு நல்லது என்று மேலே பொட்டாசியம் மாத்திரையும் போடுகிறவர்கள் உண்டு. இதயம் நின்றுபோக அது போதும்.

வாரத் தொடக்கத்தில் பத்து லிட்டர் தண்ணீர் குடிப்பதும் பாதுகாப்பானது அல்ல. உப்பில்லாமல் அளவுக்கு மீறித் தண்ணீர் மட்டும் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, வலிப்பு வரை கொண்டுபோகும்.

உலக மேடையிலும் உள்ளூர் மேடையிலும்

இவை வெறும் எச்சரிக்கைகள் அல்ல. அல்ஜீரியாவில் பிறந்து பிரான்சுக்காக மேடை ஏறிய முகமது பெனசிசா, தம் காலத்தின் மிகச் சிறந்த ஆணழகர்களில் ஒருவர். 1992 அக்டோபரில் நெதர்லாந்தில் நடந்த போட்டி முடிந்த கையோடு இறந்துபோனார். உடம்பில் நீர் வற்றியதும் சிறுநீர் பிரிக்கும் மருந்தும் காரணமாகச் சொல்லப்பட்டன. ஆஸ்திரியாவின் ஆந்திரியாஸ் மியூன்சர், தோல் காகிதம்போல் ஒட்டிய உடம்புக்காக உலகம் முழுதும் பேசப்பட்டவர். 1996 மார்ச்சில், அமெரிக்க மேடையில் நின்ற சில நாட்களில், உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து 31 வயதில் இறந்தார். பணமும் பயிற்சியாளரும் மருத்துவமனையும் பக்கத்திலேயே இருந்தவர்களுக்கு நேர்ந்த கதி இது.

நம் மாநிலத்திலும் ஒரு மரணம் நடந்தது. 2023-ல் கடலூர் மாவட்டம் வடலூரில் மாநில அளவிலான ஆணழகன் போட்டிக்கு வந்திருந்த 21 வயது வீரர், இடைவேளையில் சாப்பிட்ட ரொட்டித் துண்டு தொண்டையில் சிக்கி மூச்சுத் திணறி உயிரிழந்தார். அந்த இளைஞரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருடைய மரணம் எல்லா ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது. போட்டியாளர்கள் பசியோடும் பதற்றத்தோடும் அவசரமாகச் சாப்பிடும் அந்த அறையில், தொண்டை அடைத்தால் என்ன செய்வது என்று தெரிந்த ஒருவராவது நிற்கிறாரா?

செய்ய வேண்டியது கடினமானதல்ல. தொண்டை அடைத்தவரால் இருமவோ பேசவோ முடியவில்லையென்றால், அவரை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். வெளியே வரவில்லையென்றால் பின்னால் நின்று இரு கைகளாலும் அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். மாறி மாறிச் செய்துகொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். மயங்கி விழுந்துவிட்டால் மார்பு அழுத்தச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு ஜிம் சுவரிலும் நடிகர் படத்துக்குப் பக்கத்தில் இந்த நாலு வரியை எழுதி ஒட்டலாம்.

நம் பிள்ளைகளுக்கு ஆபத்து ஏன் கூடுதல்?

தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் எல்லாச் சாதியினரிடமும் இருக்கிறது. ஆனால் அதன் அடி எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை.

வசதியுள்ள வீட்டுப் பையன் மூன்று மாதத்துக்கு முன்பே தயாரிப்பைத் தொடங்குகிறான். பகலில் ஓய்வெடுக்கிறான். உணவுக்கும் பயிற்சியாளருக்கும் பணம் இருக்கிறது. நம் பையன் காலையில் வேலைக்குப் போய் மாலையில் பயிற்சிக்கு வருகிறான். அறுவடையோ, கட்டட வேலையோ, கல்லூரித் தேர்வோ குறுக்கிட்டால் தயாரிப்பு தள்ளிப்போகிறது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டியதைக் கடைசி வாரத்தில் முடிக்கப் பார்க்கிறான். சத்தான உணவைவிட மாத்திரை மலிவு. ஆகவே மாத்திரையை நோக்கிக் கை நீள்கிறது. வெயிலில் வேலை செய்துகொண்டே தண்ணீரையும் நிறுத்துகிறான். ஏசி அறையில் தண்ணீரைக் குறைப்பதும், தென்காசி வெயிலில் சித்தாள் வேலை பார்த்துக்கொண்டே குறைப்பதும் ஒன்றல்ல.

விளையாட்டில் திறமை இருந்தும் தண்ணீர்க் குவளையில் தோற்கடிக்கப்பட்ட வரலாறு நமக்கு உண்டு. தலித் சமூகத்தில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலூ, 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். அதே பாலூவுக்குப் புனேயில் பந்து வீசிய காலத்தில் தேநீர் தனிக் குவளையில், அரங்குக்கு வெளியேதான் கொடுக்கப்பட்டது. நூறாண்டு கழித்து, நம் மாவட்டத்திலேயே, சங்கரன்கோவில் அருகே பாஞ்சாங்குளத்தில் 2022 செப்டம்பரில் தலித் பிள்ளைகளுக்குக் கடையில் தின்பண்டம் தர மறுத்த காணொளியை நாடே பார்த்தது. ஊர்க் கட்டுப்பாடு என்றார் கடைக்காரர். வழக்குப் பதிவாகி, கைது நடந்து, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது.

வளரும் பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டிய உணவு தடுக்கப்படும் மண்ணில், வலுவான உடம்பை உருவாக்குவதே ஒரு பதில்தான். அந்த உடம்பைக் கடைசி வாரத்தில் நாமே கெடுத்துக்கொள்வது எதற்கு?

மேடையில் கறுப்புக்குத்தான் மரியாதை

ஒரு விஷயத்தை மாணவர்கள் கவனித்திருப்பார்கள். ஆணழகன் மேடையில் எல்லாரும் கறுப்பாக இருப்பார்கள். கூர்ந்து பார்த்தால் உள்ளங்கையும் காது மடலும் வேறு நிறமாக இருக்கும். பூச்சு. மேடை விளக்கு பளீரென்று அடிக்கும்போது வெளிர் தோலில் நிழல் விழாது. தசைப் பிரிவு தெரியாது. கறுத்த தோலில்தான் ஒவ்வொரு கோடும் செதுக்கியதுபோல் தெரியும். ஆகவே சிவந்த நிறக்காரர்கள் போட்டிக்கு முந்தைய நாளே இரண்டு மூன்று பூச்சு அடித்துக் கறுப்பாகிறார்கள்.

வயலில் வெயில் பட்டுக் கறுத்த நிறத்தைச் சொல்லி நம் பிள்ளைகளைக் கேலி செய்யும் சமூகம், அழகைத் தேர்ந்தெடுக்கும் மேடையில் அதே நிறத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பூசிக்கொள்கிறது. இதை நினைத்து ஒரு சிரிப்பு சிரித்துக்கொள்ளலாம். கூடவே ஒரு நடைமுறைக் குறிப்பு: கருநிறத் தோலுக்கு மெல்லிய பூச்சு போதும். கண்ட சாயத்தைப் பூச வேண்டாம். முதல் முறை பூசுகிறவர்கள் ஒரு வாரம் முன்பே முழங்கை மடிப்பில் சிறிது தடவி அரிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முடி மழிப்பதையும் போட்டி அன்று காலை வைத்துக்கொண்டால் கீறலும் எரிச்சலும்தான் மிஞ்சும். இரண்டு நாள் முன்பே முடித்துவிடுவது நல்லது. எண்ணெய் கொஞ்சமாகப் போதும். அதிகம் தடவினால் வெளிச்சம் தெறித்துக் கோடு மறைந்துவிடும்.

குற்றாலமும் தண்ணீரும்

1934-ல் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழ்நாடு வந்த காந்தி, குற்றாலத்துக்கும் வந்தார். தாழ்த்தப்பட்ட மக்கள் அருவியில் குளிக்க அனுமதி இல்லை என்று அறிந்ததும் தாமும் குளிக்காமல் திரும்பிவிட்டார். காந்தி குளிக்காமல் போனது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. குளிக்க விடப்படாத நம் பாட்டன் பாட்டிகளின் பெயர்கள் எங்கும் இல்லை. இன்று பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் யாரும் யாரையும் கேட்காமல் தலையைக் கொடுத்து நிற்கிறோம். அந்த உரிமை வானத்திலிருந்து விழவில்லை.

அதற்கு ஏழாண்டு முன்னால், 1927 மார்ச் 20 அன்று, மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஆயிரக்கணக்கானவர்கள் பின்னால் குடித்தார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தண்ணீர் நமக்கு எந்தக் காலத்திலும் சாதாரணப் பொருளாக இருந்ததில்லை.

இப்படிப்பட்ட சமூகத்தின் பிள்ளை, ஒரு கோப்பைக்காகத் தன் வாய்க்குத் தானே தண்ணீரை மறுத்துக்கொண்டு, நாக்கு ஒட்டிப்போய் மேடைக்குப் பின்னால் சுருண்டு கிடப்பதை நம்மால் ஏற்க முடியவில்லை.

சரி, என்னதான் செய்வது?

ஆணழகன் போட்டியை விட்டுவிடச் சொல்லவில்லை. சரியாகத் தயாராகலாம். விதிகள் எளிமையானவை.

முதலாவது, போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே மேடைக்குத் தயாரான உடம்போடு இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் சாதிக்க முடியாது. கெடுத்துக்கொள்ள மட்டுமே முடியும். இரண்டு வாரம் முன்பு வயிற்றில் கொழுப்பு இருந்தால், இந்த ஆண்டு அனுபவத்துக்காக மேடை ஏறுங்கள். பரிசை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, தண்ணீரும் உப்பும் வழக்கம்போல இருக்கட்டும். போட்டி அன்று காலையிலிருந்து வயிறு ஊதாத அளவுக்குச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம். தாகத்தோடு மேடை ஏறக் கூடாது.

மூன்றாவது, மாவுச்சத்தைக் கடைசி இரண்டு நாளில் மிதமாகக் கூட்டலாம். இது உண்மையிலேயே பயன் தரும். அதற்கு வழக்கமாகச் சாப்பிடும் சோறும் கிழங்கும் போதும். வயிற்றுக்குப் பழக்கமில்லாத உணவை அந்த நாளில் சோதித்துப் பார்க்கக் கூடாது. ரொட்டியோ அவலோ, உட்கார்ந்து மென்று, தண்ணீரோடு சாப்பிட வேண்டும்.

நான்காவது, கடைசி மூன்று நாள் கால் பயிற்சியையும் கடும் எடையையும் நிறுத்திவிட்டு, நிற்கும் நிலைகளைப் பழகுங்கள். இரு கை மடக்கி முன்னால் காட்டுவது, முதுகை விரிப்பது, பக்கவாட்டில் மார்பைக் காட்டுவது, வயிறும் தொடையும் காட்டுவது என்று கட்டாய நிலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மூச்சை அடக்காமல், முகம் சுளிக்காமல், அரை நிமிடம் நிற்கப் பழக வேண்டும். நல்ல உடம்பிருந்தும் நிற்கத் தெரியாமல் தோற்றவர்கள் எந்த மேடையிலும் உண்டு. இந்தப் பயிற்சிக்குக் கண்ணாடியும் பொறுமையும் போதும்.

ஐந்தாவது, நன்றாகத் தூங்குங்கள். முடிந்தால் கடைசி இரண்டு நாள் வெயில் வேலைக்கு விடுப்பு எடுங்கள்.

சாப்பாட்டுக்கு டப்பாப் பவுடர் கட்டாயமில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம், கொள்ளில் 22 கிராம், சோயா உருண்டையில் 50 கிராமுக்கு மேல். வெந்த மாட்டுக்கறி 100 கிராமில் 25 கிராம் அளவுக்குப் புரதமும் நல்ல இரும்புச்சத்தும் உண்டு. மாட்டுக்கறியை மறைத்துச் சாப்பிட வேண்டிய அவசியம் எந்த விளையாட்டு வீரருக்கும் இல்லை. கடும் பயிற்சி செய்கிறவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.6 முதல் 2.2 கிராம் வரை புரதம் போதும். 60 கிலோ எடையுள்ள மாணவர் 100 முதல் 130 கிராம் வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சமைக்காமல் எடை போட்டால்தான் பயறுகளின் கணக்கு சரியாக வரும்.

முன்னோடிகளைப் பாருங்கள். சாண்டோ பனியன் என்று நாம் சொல்லும் பெயருக்குச் சொந்தக்காரர் யூஜின் சாண்டோ, 1901-ல் லண்டனில் பெரிய அளவிலான உடற்கட்டுப் போட்டியை நடத்தினார். அரை நூற்றாண்டு கழித்து அதே லண்டனில், 1952-ல், தம் பிரிவில் மிஸ்டர் யூனிவர்ஸ் பட்டம் வென்றார் வங்காளத்தின் மனோகர் ஆய்ச். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. வெள்ளை அதிகாரியை அடித்ததற்காகச் சிறை சென்று, சிறைக்குள்ளேயே பயிற்சி செய்தவர். சோறு, பருப்பு, மீன், பால், காய், பழம் இவைதான் அவர் உணவு. நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2016-ல் காலமானார். நம் தமிழ்நாட்டின் எஸ்.பாஸ்கரன் இந்த விளையாட்டுக்காக 2019-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

அதே நேரம் இந்த விளையாட்டின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஒலிம்பிக்கில் ஆணழகன் போட்டி கிடையாது. ஆசிய விளையாட்டில் 2002-லும் 2006-லும் இருந்தது, பிறகு நீக்கப்பட்டுவிட்டது. படிப்பை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்பி இறங்குவது சரியல்ல. சிறுநீர் மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும் உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கின்றன. ஊக்கமருந்தைத் தடுக்க 2022-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றைக் கையில் தருபவர் அண்ணனாக இருந்தாலும் மாஸ்டராக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சையின்போது ரத்த அழுத்தம் விழாமலிருக்கப் போடும் ஊசியைக்கூட வேகம் வருவதற்கென்று விற்கிறார்கள். அதைத் தொடவே கூடாது.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

போட்டிக்குத் தயாராகும் பிள்ளை வீட்டில் இருந்தால் தாயும் தந்தையும் சில அறிகுறிகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், கெண்டைக்காலிலும் வயிற்றிலும் பிடித்து இழுத்தல், நெஞ்சு படபடப்பு அல்லது துடிப்பு விட்டு விட்டு அடித்தல், அரை நாளாகச் சிறுநீர் போகாமலிருத்தல், சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் போதல், பேச்சு குழறல். இவற்றில் எது வந்தாலும் போட்டியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தென்காசி அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. 108 இருக்கிறது. போகும்போது என்ன மாத்திரை போட்டான் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அட்டையைக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது. திட்டுவார்களே என்ற பயத்தில் மறைத்தால் சிகிச்சை தவறிப்போகும்.

போட்டி முடிந்ததும் ஒரேயடியாக விழுந்து சாப்பிடுவதும் தவறு. மாதக்கணக்கில் அடக்கிய பசி ஒரே இரவில் தீராது. ஓ.ஆர்.எஸ். கரைசலோ மோரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, கஞ்சி, சோறு என்று இரண்டு நாளில் வழக்கத்துக்குத் திரும்பலாம். அடுத்த சில நாளில் எடை கூடுவது இயல்பு. அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

ஏற்பாட்டாளர்களிடமும் சில கோரிக்கைகள் உண்டு. மேடைக்குப் பின்னால் குடிநீரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் கட்டாயம் இருக்கட்டும். முதலுதவி தெரிந்த ஒருவரும் ஒரு செவிலியரும் நிற்கட்டும். மேடை ஏறும் முன் ஒவ்வொருவருக்கும் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்க்கட்டும். தடுமாறுகிறவரை, எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும், நிறுத்தட்டும். வெற்றிக் கோப்பைக்கு ஆகும் செலவில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

காலனியிலிருந்து ஒரு பிள்ளை மேடை ஏறினால் தெருவே போய் நின்று விசில் அடிக்கிறது. அவன் கோப்பையோடு வரலாம், வெறுங்கையோடும் வரலாம். இரண்டில் எதுவானாலும் அவன் நடந்து வீடு வந்து சேர வேண்டும். மறுநாள் அருவியில் போய் நிற்கலாம்.